தார்க் குதிருக்கு நாற்பதாம் நாள்

தார் காத்திருக்காது. பெலோவிட்சா மாவட்டச் சாலைத்துறையில் அதுவரை ஏதாவது ஒரு வேலை நடந்திருக்கிறதென்றால், அதற்குக் காரணம் தாரின் இந்த ஒரு குணம்தான். ஜல்லியும் தாரும் கலந்து, கொதிக்கக் கொதிக்க லாரியில் ஏறிவிட்டால், மத்தியானச் சாப்பாட்டுக்குள் அதைச் சாலையில் கொட்டிப் பரப்பி ரோலர் ஓட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் லாரிக்குள்ளேயே பாறையாகிவிடும். ஆகவே இயக்குநர் மார்மரோவ் சூப்பில் ரொட்டியைத் தோய்த்த கையோடு ஓடிவந்து கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடுவார். சாலைகள் கோணல்மாணலாக இருந்தன. ஆனாலும் இருந்தன.

பிறகு குதிர் வந்தது.

ஐரோப்பிய நிதியில் வந்தது. தேவாலய மணிக்கூண்டைவிட ஒரு முழம் உயரம். இரட்டைச் சுவர், நடுவே கெட்டியான பஞ்சுப் பொதி, அடியில் கூம்பு, கூம்பைச் சுற்றி மின்சாரச் சூடு, கூம்பின் வாயில் ஒரு இரும்புக் கதவு. தார்க்கலவையை உள்ளே கொட்டி மூடினால் மூன்று நான்கு நாள் சூடு ஆறாது. மழை பெய்தால் ஒரு நாள் பொறுக்கலாம், லாரி பழுதானால் சரிசெய்யலாம், பிறகு கதவைத் திறந்தால் கலவை சுடச்சுட விழும். மற்ற ஊர்களில் அதற்காகத்தான் அதை வாங்குகிறார்கள். காத்திருப்பதையே பிழைப்பாகக் கொண்ட ஒரு அலுவலகத்திடம் காத்திருக்கத் தெரிந்த ஒரு இயந்திரத்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று, கொடுத்த புண்ணியவான்கள் யோசிக்கவில்லை.

திறப்பு விழாவில் பாதிரியார் பச்சிலைக் கொத்தைப் புனிதநீரில் தோய்த்துத் தெளித்தார். துளிகள் சூடான கூம்பில் பட்டுச் சுர்ரென்றன. அதை நல்ல சகுனமென்று எல்லோரும் தலையசைத்தார்கள். வரவேற்பு வழக்கப்படி ரொட்டியும் உப்பும் நீட்டப்பட்டன. மார்மரோவ் ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, விழுங்காமலேயே பேச ஆரம்பித்தார்.

“தோழர்களே... மன்னிக்கணும், நண்பர்களே! இதுநாள்வரை தார் நம்மை விரட்டியது. நாம் ஓடினோம். இனி அந்த அவமானம் இல்லை. இனிமேல் நாம் தாருக்காக ஓட மாட்டோம். தார் நமக்காகக் காத்திருக்கும்!”

எல்லோரும் கைதட்டினார்கள். எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் வெலிச்கோ. குதிரின் அடிக்கதவைத் திறந்து மூடுகிற வேலை அவருக்குத்தான் கொடுக்கப்பட்டிருந்தது. அவர் கைதட்டியது அதற்காக இல்லை. குதிரில் ஏறப்போகிற முதல் கலவை அவருடைய மலைக்கிராமமான கோர்னா ஷூமாவுக்குப் போகிற சாலைக்கு. அந்தச் சாலை சரியானால்தான் அவருடைய மனைவி ராய்னா வீடு திரும்ப முடியும்.

ராய்னா ஆகஸ்ட் கடைசியில் ரக்கியாச் சாராயம் காய்ச்சப் பிளம்ஸ் பறிக்கிறேன் என்று மரமேறி, கூடையோடு கீழே வந்து சேர்ந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துக் கட்டினார்கள். படுத்த நிலையிலேயே இருக்க வேண்டும், குலுங்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். ஆம்புலன்ஸ்காரனோ கோர்னா ஷூமா சாலையில் போன வசந்தத்தில் ஒரு ஸ்பிரிங்கைப் பறிகொடுத்தவன். தார் போடாமல் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன் என்றுவிட்டான். அதனால் ராய்னா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக, டவுனில் இருக்கும் தங்கை மிங்காவின் வீட்டுச் சோபாவுக்கு வந்தாள்.

குதிர் நிரம்பிய அன்று சாயங்காலம் வெலிச்கோ அங்கே போனார்.

“நாளைக்கு,” என்றார், தொப்பியைக்கூடக் கழற்றாமல்.

“என்ன நாளைக்கு?”

“நாளைக்குத் தார் போடுறாங்க. நாளன்னிக்கு நீ நம்ம வீட்டுல இருப்ப.”

“யாருய்யா சொன்னா?”

“யாரு சொல்லணும்? கதவைத் திறக்கப்போறவனே நான்தான்.”

ராய்னா அவர் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். “இன்னும் ரெண்டு நாள் இங்க கிடந்தா இடுப்பு சேர்ந்துடும், புத்தி கழண்டுடும். இவ டீக்குச் சர்க்கரையை நகத்தால கிள்ளிப் போடுறாய்யா.”

“எனக்குக் காது கேக்குதுக்கா!” என்று சமையலறையிலிருந்து மிங்காவின் குரல் வந்தது.

“கேக்கட்டும்னுதானடி சொல்றேன்!”

அவளுக்கு வீட்டில் தலைக்குமேல் வேலை கிடந்தது. மிளகாய் சுட வேண்டும், முட்டைக்கோஸைப் பீப்பாயில் ஊறப்போட வேண்டும், பக்கத்து வீட்டில் விட்டிருக்கும் ஆட்டைத் திரும்ப ஓட்டிவர வேண்டும். எல்லாவற்றையும் படுத்துக்கொண்டே செய்யச் சொல்வதற்கு வெலிச்கோ இருந்தார். அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

மறுநாள் காலையில் லாரிக்காரன் கிஞ்சோ வண்டியைக் குதிருக்கு அடியில் கொண்டுவந்து நிறுத்தினான். வெலிச்கோ கைப்பிடியில் கைவைத்தார். அப்போது இயக்குநரின் கார் புழுதி பறக்க வந்து நின்றது. அவருக்குப் பின்னால் துணை இயக்குநர் துலேவா அம்மாள் இறங்கினார். அவர் எங்கு போனாலும் கையில் ஒரு கத்தரிக்கோல் இருக்கும், ரிப்பன் வெட்டச் சந்தர்ப்பம் எப்போது வாய்க்குமென்று தெரியாதே.

“நிறுத்துய்யா! என்ன பண்றே?” என்றார் மார்மரோவ்.

“கதவைத் திறக்குறேன் சார்.”

“சும்மா திறந்துடுவியா? இது முதல் தாருய்யா. வரலாற்றுத் தார். அமைச்சர் கையால விழ வேண்டாமா?”

“அமைச்சர் எப்ப சார் வர்றாரு?”

“வியாழக்கிழமை.”

“அதுவரைக்கும் தாரு?”

மார்மரோவ் சிரித்தார். குழந்தைக்குச் சொல்வதுபோல் வெலிச்கோவின் தோளில் கைபோட்டார். “அதுக்குத்தானேய்யா குதிரு! பழைய காலம்னா நீ சொல்றது சரி. ஆறிடும், ஓடுன்னு அவசரப்படுவோம். அந்த அவசரத்துல நல்லா யோசிக்காம எத்தனை ரோட்டைப் போட்டுத் தொலைச்சோம் தெரியுமா? இப்பதான் நமக்கு யோசிக்க நேரம் கிடைச்சிருக்கு.”

கிஞ்சோ காலி லாரியை ஓட்டிக்கொண்டு போனான்.

புதன்கிழமை அரசாங்கம் கவிழ்ந்தது. எங்கள் நாட்டில் அது வருஷத்துக்கு ஒருமுறை மழைபோல வருவதுதான், யாரும் குடைகூட எடுப்பதில்லை. பழைய அமைச்சர் போய் ஒரு இடைக்கால அமைச்சர் வந்தார். அவராவது வந்து திறக்கட்டுமே என்று வெலிச்கோ கேட்டுப்பார்த்தார். துலேவா அம்மாள் அதிர்ந்துபோனார்.

“என்ன அண்ணே பேசுறீங்க? இடைக்கால அமைச்சர் திறந்தா ரோடும் இடைக்கால ரோடா ஆயிடாதா? நாளைக்கு நிரந்தர அமைச்சர் வந்து ‘எனக்கு என்ன மிச்சம் வெச்சீங்க’ன்னு கேட்டா யாரு பதில் சொல்றது?”

ஆனாலும் துறை சும்மா இருக்கவில்லை. அமைச்சர் எந்த நேரமும் வரலாம் என்பதால் ஒத்திகை நடத்தினார்கள். துலேவா அம்மாள் அமைச்சராக நின்று ரிப்பன் வெட்டினார். கிஞ்சோவின் காலி லாரி குதிருக்கு அடியில் வந்து நின்றது. வெலிச்கோ கைப்பிடியைத் தொடாமல் கையைக் காற்றில் இழுத்து, “விழுகிறது” என்று உரக்கச் சொன்னார், சொல்லச் சொல்லியிருந்தார்கள். லாரி கனமாக ஏற்றியதுபோல் முனகிக்கொண்டு நகர வேண்டும் என்று மார்மரோவ் கேட்டுக்கொண்டதால் கிஞ்சோ முதல் கியரில் ஓட்டினான். சாலைக்குப் பதிலாக ஒரு சிவப்புக் கம்பளம் விரித்து அதன்மேல் ரோலரை விட்டார்கள். கம்பளம் நன்றாகச் சமமானது. ஒத்திகை மிகுந்த வெற்றி என்று அன்று இரவு எல்லோரும் குடித்தார்கள்.

இதற்கிடையில் குதிரிலிருந்த தெர்மாமீட்டர் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. வெலிச்கோ இயக்குநரின் அறைக்குப் போனார்.

“சார், சூடு இறங்குது.”

“யார் சொன்னா?”

“தெர்மாமீட்டர் சார்.”

“தெர்மாமீட்டரை எங்க வெச்சிருக்க?”

“கலவைக்குள்ள.”

“அங்கதான் தப்பு பண்ணிட்ட.” மார்மரோவ் நாற்காலியில் சாய்ந்தார். “கூம்பைச் சுத்திச் சூடேத்துற கம்பி இருக்கில்ல, அதுமேல வை. ஒரு கருவிகிட்ட நல்ல பதில் வேணும்னா அதை நல்ல சூழ்நிலையில வெக்கணும். மனுஷங்களுக்கும் அதேதான். என்னையே எடுத்துக்க. இந்த ரூமுக்கு வந்த நாள்லேருந்து நான் ஒரு கெட்ட செய்தியும் சொன்னதில்ல.”

“கூட வந்த புத்தகத்துல மூணு நாலு நாள்னுதான் சார் போட்டிருக்கு.”

“அது ஜெர்மன்காரன் தாருக்குப் போட்டது. நம்ம ஜனங்க எத்தனை காலமா எதையெல்லாம் பொறுத்துட்டு இருக்காங்க? அந்த மண்ணுல கலந்த தாருக்கு அந்தப் பொறுமை இருக்காதா?”

வெலிச்கோ குதிருக்குத் திரும்பிப் போனார். தெர்மாமீட்டரைக் கம்பியின் மேல் வைத்தார். அது ஒரே தாவாகத் தாவி உச்சியில் போய் உட்கார்ந்தது.

அதிலிருந்து துறைக்கு நல்ல காலம் பிறந்தது. வெப்பக் காப்புக் குழு என்று ஒன்று அமைத்தார்கள். தினமும் காலையில் குழு குதிரின் அடியில் கூடும். துலேவா அம்மாள் தெர்மாமீட்டரைப் பார்த்து எண்ணைப் படிப்பார், குழு கைதட்டும், காபி வரும். செய்தி தலைநகர் சோஃபியாவுக்கு எட்டியது. நாடு முழுக்க மற்ற மாவட்டங்களில் தார் ஒரு நாளைக்குமேல் தாங்கவில்லை, சாலையில் போட்டு ஆற விட்டுவிடுகிறார்கள், பெலோவிட்சாவில் மட்டும் வாரக்கணக்கில் சூடாக இருக்கிறது என்று தலைமையகம் வியந்து ஒரு கேடயம் அனுப்பியது. அக்கம்பக்கத்து மாவட்ட இயக்குநர்கள் வேன் பிடித்துப் பார்க்க வந்தார்கள். கூம்பில் கையைக் காட்டிக் குளிர்காய்ந்தார்கள். “உள்ளே சுடுதுய்யா” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

அக்டோபர் பிறந்ததும் அலுவலகப் பெண்கள் வீட்டிலிருந்து சிவப்பு மிளகாயைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து அந்தக் கம்பியில் வைத்துச் சுட ஆரம்பித்தார்கள். யாராவது புகார் செய்வதற்குமுன் மார்மரோவ் அதை மக்கள் நலத் திட்டம் என்று அறிவித்துவிட்டார். குதிரின் பக்கமெல்லாம் மிளகாய் வாசனை கமகமத்தது. ராய்னாவின் மிளகாய் மட்டும் கோர்னா ஷூமாவில் செடியிலேயே அழுகிக்கொண்டிருந்தது.

வெலிச்கோ ஒவ்வொரு சாயங்காலமும் சோபாவுக்குப் பக்கத்தில் போய் உட்காருவார். முதலில் ராய்னா கிண்டல் செய்தாள். “உங்க தாரு பரவாயில்லையா? காச்சல் விட்டுச்சா?” என்பாள். பிறகு சண்டை போட்டாள். ஒருநாள் இரண்டும் இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

“என்னய்யா உன் குதிரு?” என்றாள் திரும்பாமலே.

“சூடா இருக்காம்.”

“நான் ஆறிப்போயிட்டேன்யா.”

வெலிச்கோ வீதிக்கு வந்தபோது அவருக்குக் கோபம் கோபமாக வந்தது. முப்பது வருஷம் யார் சொன்னாலும் சரி சார், சரி சார் என்று தலையாட்டிய தன் தலைமேலேயே வந்தது. நேராகக் கிஞ்சோவின் வீட்டுக்குப் போனார்.

“ஞாயித்துக்கிழமை மத்தியானம் எல்லாரும் சாப்பாட்டுல இருப்பாங்க. வண்டியைக் கொண்டா. கதவைத் திறக்குறேன். நம்ம ரோட்டுல கொட்டிடுவோம்.”

“மாட்டினா என்னண்ணே பண்றது?”

“மாட்டினா என்னைத் தூக்குல போடட்டும். ரோட்டைப் போட்டுட்டு அப்புறம் தூக்குல போடட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை கிஞ்சோ லாரியைக் கூம்புக்கு நேர் அடியில் நிறுத்தினான். வெலிச்கோ சிலுவை போட்டுக்கொண்டு கைப்பிடியை இழுத்தார். இரும்புக் கதவு கிறீச்சென்று முழுசாகத் திறந்தது.

ஒன்றும் விழவில்லை.

இரண்டுபேரும் அண்ணாந்து பார்த்தார்கள். கதவுக்கு மேலே கறுப்பாக, வழவழவென்று, ஒரு பாறையின் வயிறு தெரிந்தது. கிஞ்சோ சம்மட்டியை எடுத்து இரண்டு போடு போட்டான். தாம்பாளத்தில் அடித்ததுபோல் கணீரென்றது. மூன்றாவது அடிக்கு, தார் பூசிய ஒரே ஒரு ஜல்லிக்கல் லாரித் தகரத்தில் விழுந்து உருண்டு ஓடியது.

கிஞ்சோ அதைக் குனிந்து எடுத்துப் பார்த்தான். “ஒரு குழிக்கு ஆவும்ணே.”

வெலிச்கோ லாரியின் படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கிஞ்சோ சிகரெட்டைப் பற்றவைத்து அவர் வாயில் வைத்துவிட்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றான்.

திங்கட்கிழமை அவர் இயக்குநரிடம் உண்மையைச் சொன்னார். வேலை போகும் என்று தெரிந்துதான் சொன்னார். ஆனால் மார்மரோவ் கோபப்படவே இல்லை.

“உள்ள கெட்டியாயிடுச்சா?”

“ஆமா சார். கல்லு.”

“குதிரோட வேலை என்ன வெலிச்கோ?”

“தாரை வெச்சிருக்கறது சார்.”

“வெச்சிருக்கா?”

“வெச்சிருக்கு சார், ஆனா...”

“நீ ஞாயித்துக்கிழமை லாரியோட வந்து கதவைத் திறந்தும் எடுக்க முடியல. முடிஞ்சுதா? இல்லையே! இதைவிடப் பத்திரமா ஒரு பொருளை இந்த நாட்டுல யாரு வெச்சிருக்காங்க? எனக்கு உன்மேல வருத்தம் ஒண்ணும் இல்ல. நீயே பாதுகாப்பைச் சோதிச்சுக் காட்டிட்ட. இதைக் குழுவுல பாராட்டாப் பதிவுபண்ணச் சொல்றேன்.”

வெளியே வந்த வெலிச்கோவின் காலுக்கு யாரோ சாவி கொடுத்து முடுக்கிவிட்டதுபோல் இருந்தது. அது அவரை ஆற்றங்கரைத் தெருவில் இருந்த ஸ்பாஸின் கடைக்குக் கொண்டுபோனது. ஸ்பாஸ் சவப்பெட்டிக் கடைக்காரர். ஊரில் யார் செத்தாலும் படம் போட்ட இரங்கல் தாளை அச்சடித்துத் தருவதும் அவர்தான். அந்தத் தாளை வீட்டுக் கதவில், பஸ் நிறுத்தத்தில், மரத்தில், விளக்குக் கம்பத்தில் ஒட்டாமல் எங்கள் பக்கத்தில் யாரும் முறையாகச் செத்ததாகக் கணக்கில்லை.

“யாருப்பா?” என்றார் ஸ்பாஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு.

“தாரு.”

“அப்பன் பேரு?”

“சாலைத்துறை.”

ஸ்பாஸ் கண்ணாடிக்கு மேலாக ஒருமுறை பார்த்தார். பிறகு எழுதினார். தொழில் அப்படி, அவர் எதற்கும் ஆச்சரியப்படுவதில்லை. “எப்ப போச்சு?”

“மூடின நாலாம் நாள். புத்தகப்படி.”

ஸ்பாஸ் சுவரிலிருந்த காலண்டரில் விரலை ஓட்டினார். “அப்ப வர்ற சனிக்கிழமை நாப்பதாம் நாள் காரியம். விட்டுடாதே. என்ன வியாதி?”

“காத்திருப்பு.”

“கொடுமையான வியாதி. எங்க அப்பனும் அதுலதான் போனான்.” ஸ்பாஸ் பேனாவைக் கீழே வைத்தார். “சரி, ஒரு தாருக்காகக் கண்ணு இப்படிச் சிவந்திருக்கே, என்ன சமாசாரம்?”

வெலிச்கோ ராய்னாவின் கதையைச் சொன்னார். இடுப்பு, ஆம்புலன்ஸ், சோபா, சர்க்கரை எல்லாம் சொன்னார். ஸ்பாஸ் பொறுமையாகக் கேட்டார்.

“என் வண்டியில கூட்டிட்டுப் போயேன்.”

“அதுலயா!”

“ஏன், அதுக்கு என்ன குறைச்சல்? படுக்க இடம் இருக்கு, ஸ்பிரிங் மெத்து மெத்துனு இருக்கு, நான் நடக்கற வேகத்துலதான் ஓட்டுவேன். உங்க மலைக்கு மாசம் ஒருவாட்டியாவது ஏறுறேன். குலுங்குச்சுன்னு இதுவரைக்கும் ஒருத்தர் சொன்னதில்ல.”

இதை ராய்னாவிடம் எப்படிச் சொல்வதென்று வழியெல்லாம் யோசித்து, கடைசியில் அப்படியே சொல்லிவிட்டார். அவள் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள்.

“பெட்டியிலயா?”

“மெத்தையில.”

“மூடி?”

“கிடையாது.”

“அப்ப என்ன யோசனை? இவ வீட்டுலேருந்து கிளம்பறதுக்கு, சாவே நேர்ல வந்து கதவைத் தட்டினாலும் துணிமணியை எடுத்துட்டு ஏறிக்குவேன்.”

“எனக்குக் காது கேக்குதுக்கா!”

மறுநாள் பெலோவிட்சா கண்விழித்தபோது தாள்கள் ஒட்டியிருந்தன. குதிர் வளாகத்தின் கேட்டில், பஸ் நிறுத்தத்தில், ரொட்டிக்கடையில், சாலைத்துறை வாசலில். கறுப்புக் கரை, நடுவில் குதிரின் படம். திறப்பு விழாவில் எடுத்ததால் ஓரத்தில் மார்மரோவின் ஒரு காதும் தெரிந்தது. கீழே இப்படி இருந்தது: “சூடான சுபாவமும் எல்லோர்மேலும் நம்பிக்கையும் கொண்ட எங்கள் அன்புத் தார், நீண்ட காத்திருப்புக்குப்பின் தன் வீட்டிலேயே கெட்டிப்பட்டது. சனிக்கிழமை நாற்பதாம் நாள். துயரத்துடன், கோர்னா ஷூமா சாலையும் அதன் குழிகளும்.”

ஜனங்கள் பழக்கதோஷத்தில் நின்று, தொப்பியைக் கழற்றி, முழுசாகப் படித்து, அதற்குப் பிறகுதான் சிரித்தார்கள். சில கிழவிகள் சிரிக்கவும் இல்லை. “பாவம், வயசு எத்தனையோ” என்று சொல்லி கேட்டில் மெழுகுவத்தி ஏற்றினார்கள்.

சாலைத்துறையில் அவசரக் கூட்டம் கூடியது. தாளைக் கிழிக்கச் சொல்லலாம் என்று மார்மரோவ் சொன்னபோது யாரும் எழுந்திருக்கவில்லை. இரங்கல் தாளைக் கிழித்த கையோடு வீட்டுக்குப் போனால் மனைவி உள்ளே விட மாட்டாள். சரி, இறந்தவர் துறையைச் சேர்ந்தவர், நாற்பதாம் நாளுக்குத் துறை போகாவிட்டால் ஊர் என்ன பேசும் என்று யோசித்து, பூவோடு போவதென்று முடிவுசெய்தார்கள். பூ எத்தனை என்பதில்தான் சிக்கல் வந்தது.

“இரட்டைப்படை வாங்கணும், அதான் முறை,” என்றார் கணக்கர்.

“முறைதான்,” என்றார் துலேவா அம்மாள். “ஆனா இரட்டைப்படை செத்தவங்களுக்குக் கொடுக்கறது. அதைக் கொண்டுபோனா, தாரு செத்துடுச்சுன்னு நாமளே எழுதிக்கொடுத்த மாதிரி ஆயிடும். தெர்மாமீட்டர் என்ன சொல்லுது? கேடயத்தைத் திருப்பிக் கேப்பாங்க.”

“அப்ப ஒற்றைப்படை?”

“ஒற்றைப்படைப் பூவோட சாவு வீட்டுக்குப் போறதா? நாம என்ன காட்டுமிராண்டியா?”

மத்தியானம்வரை விவாதித்தார்கள். கடைசியில் மார்மரோவ் எழுந்தார். பதவிக்கு வந்தபின் அவர் எடுத்த ஒரே விரைவான முடிவு அதுதான். “பன்னிரண்டு பூவைக் கையில எடுத்துட்டுப் போவோம். பதிமூணாவதைக் கார்ல வெச்சிருப்போம். யாராவது கேட்டா, மொத்தம் பதிமூணு, ஒண்ணு பரிசீலனையில இருக்குன்னு சொல்லிடலாம்.”

சனிக்கிழமை குதிருக்கு முன்னால் பாதி ஊர் கூடியிருந்தது. யாரோ சர்க்கரை தூவிய வேகவைத்த கோதுமை கொண்டுவந்து கிண்ணத்தில் பகிர்ந்தார்கள். கிஞ்சோ கொஞ்சம் ஒயினை மண்ணில் ஊற்றிவிட்டு மிச்சத்தைத் தனக்கு ஊற்றிக்கொண்டான். மார்மரோவ் பூக்களைக் கூம்பின் அடியில் சாய்த்து வைத்தார். கூட்டத்தைப் பார்த்ததும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

“நண்பர்களே! இந்தத் தாரைப் பற்றி என்ன சொல்வது? உள்ளே போனது. இடத்தைவிட்டு நகரவில்லை. மேலே கீழே யாரிடமும் எதிர்த்துப் பேசவில்லை. வெளியே எத்தனைபேர் கூப்பிட்டாலும் வரவில்லை. நம் துறையின் ஒவ்வொரு ஊழியரும் இப்படி இருந்தால், நான் நிம்மதியாக ஓய்வுபெறுவேன்!”

குழு கண்ணைத் துடைத்துக்கொண்டது.

அப்போது ஸ்பாஸின் கறுப்பு வண்டி மெதுவாக வந்தது. கோர்னா ஷூமாவுக்குப் போகிற வழி குதிர் வளாகத்தை ஒட்டித்தான் போகிறது. முன்சீட்டில் ஸ்பாஸுக்குப் பக்கத்தில் வெலிச்கோ உட்கார்ந்திருந்தார். கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. தொப்பிகள் கழன்றன. இது விழாவில் ஒரு பகுதிதான் போலும், தலைமையகம் அனுப்பிய ஏற்பாடு என்று நினைத்த மார்மரோவ் வண்டிக்கு முன்னால் வந்து நெஞ்சில் கைவைத்துத் தலைகுனிந்தார். ஸ்பாஸ் வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று.

பின்பக்கக் கண்ணாடியை உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள்.

துலேவா அம்மாளின் கையிலிருந்து மெழுகுவத்தி விழுந்தது. கணக்கர் மூன்றுமுறை சிலுவை போட்டுக்கொண்டார். வெலிச்கோ இறங்கி ஓடிவந்து பின்கதவைத் திறந்தார். உள்ளே வெள்ளை மெத்தையில் ராய்னா முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கியிருந்தாள்.

“யாருய்யா வழியை மறிச்சது? முட்டைக்கோஸ் போடணும், நேரமாகுது.”

“அம்மா... நீங்க...” என்றார் மார்மரோவ்.

“நான்தான் வெலிச்கோ பெண்சாதி. உங்க தாருக்காகக் காத்திருந்தவ.” அவள் கூம்பின் அடியைப் பார்த்தாள். உதடு அசைய எண்ணினாள். “பன்னிரண்டு பூவு. அப்ப செத்துடுச்சுன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க.”

மார்மரோவ் துலேவா அம்மாளைப் பார்த்தார், துலேவா அம்மாள் கத்தரிக்கோலைப் பார்த்தார்.

“மொத்தம் பதிமூணும்மா,” என்றார் மார்மரோவ். “ஒண்ணு கார்ல இருக்கு. பரிசீலனையில.”

“அந்த ஒண்ணைக் கொண்டாங்க.”

“எதுக்கு?”

“எனக்கு. நான் உசிரோட இருக்கேன்ல.”

யாரும் அசையவில்லை. கிஞ்சோதான் இயக்குநரின் காரைத் திறந்து பூவை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தான். அவள் அதை மார்பில் வைத்துக்கொண்டு படுத்தாள். ஒருகணம் அது பொருத்தமில்லாமல், அதாவது மிகவும் பொருத்தமாக இருந்ததால், கையைத் தூக்கிப் பூவை ஆட்டிக் காட்டினாள். வண்டி நகர்ந்தது. மலைப்பாதையில் ஒவ்வொரு குழியாக இறங்கி ஏறி, மனிதன் நடக்கிற வேகத்தில் அது போவதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெலிச்கோ இம்முறை முன்சீட்டில் ஏறவில்லை. வண்டிக்குப் பின்னால் நடந்து போனார். பார்ப்பவர்களுக்கு அது எப்படித் தெரியும் என்ற கவலையே அவருக்கு இல்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

பதினைந்து நாள் கழித்துச் சாலைத்துறையின் உத்தரவு வந்தது. படுத்த நிலையிலிருந்த ஒரு நோயாளி எவ்விதப் புகாருமின்றி வீடு சேர்ந்திருப்பதால் கோர்னா ஷூமா சாலை போக்குவரத்துக்குத் தகுதியானது, பழுதுபார்க்கும் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது என்றது. இனி அந்தக் கிராமத்தின் நோயாளிகள் ஸ்பாஸின் வண்டியிலேயே கொண்டுவரப்படலாம் என்று சுகாதாரத் துறையும் ஒரு வரி சேர்த்திருந்தது. முதல் குதிர் முழுமையாக நிரம்பியிருப்பதால் இரண்டாவது குதிருக்கு விண்ணப்பிக்கப்பட்டிருப்பதாகவும், இரண்டுக்கும் வெலிச்கோவே கதவுக்காரர் என்றும் கடைசியில் இருந்தது.

வெலிச்கோ அதைப் படித்துக் காட்டியபோது ராய்னா ஜன்னலோரக் கட்டிலில் படுத்தபடி முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஜன்னலில், கண்ணாடி டம்ளரில், அந்தப் பூ வாடியும் வாடாமலும் நின்றது.

“அப்ப ஸ்பாஸ்கிட்ட இப்பவே சொல்லி வை,” என்றாள். “அடுத்ததுக்கும் தாளு அடிக்கணும்ல.”

கோர்னா ஷூமாவில் இப்போது அந்தக் கறுப்பு வண்டி மலையேறி வந்தால் யாரும் உடனே தொப்பியைக் கழற்றுவதில்லை. உள்ளேயிருந்து கை அசைகிறதா என்று முதலில் பார்க்கிறார்கள்.